பெற்ற தாயின் கிட்னியே ஆனாலும்

"என் வயித்துல பொறந்தவன்தானே டீச்சர், என் கிட்னி எப்படி அவனுக்குச் சேராமப் போகும்?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அக்கா கேட்ட கேள்வி இது. மகனுக்கு 28 வயது. இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தவன். டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கை இன்னும் முறுக்கிய கயிறு போலப் புடைத்திருக்கும். அம்மாவுக்கும் மகனுக்கும் ரத்த வகை ஒன்று. டெஸ்ட்டெல்லாம் சரியாக வந்து, அம்மாவின் ஒரு கிட்னியை எடுத்து மகனுக்கு வைத்தார்கள். மூன்றாவது வாரம், கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 1.2-லிருந்து 2.1-க்கு ஏறியது. பையனுக்கு வலியோ காய்ச்சலோ எதுவும் இல்லை. ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு "ரிஜெக்‌ஷன்" என்றார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றியதும் அளவு இறங்கிவிட்டது. இப்போது பட்டறையில் உட்கார்ந்து கொக்கி வளைத்துக்கொண்டிருக்கிறான்.

பையன் தேறிவிட்டான். அக்காவுக்கு அந்தச் சொல்தான் முள்ளாகத் தங்கிவிட்டது. ரிஜெக்‌ஷன் என்றால் வேண்டாம் என்று தள்ளுவது இல்லையா? நான் கொடுத்ததை என் பிள்ளை உடம்பு வேண்டாம் என்கிறதா?

முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். அந்தப் பாடத்தை வைத்து அக்காவுக்கு ஒரு வரி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து மறுபடி படித்தேன். திண்ணையில் அவரிடம் தவணை தவணையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் கோவையாக எழுதுகிறேன்.

அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரு மல்கோவா நிற்கிறது. ஒட்டு மரம். அடியில் ஏதோ நாட்டு மாங்கொட்டை முளைத்த கன்று, மேலே மல்கோவாக் குச்சி. இரண்டையும் சீவிப் பொருத்தி, பிளாஸ்டிக் நாடா சுற்றிக் கட்டியிருப்பார்கள். சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காலமெல்லாம் வேர் ஒரு மரத்துடையது, பழம் இன்னொரு மரத்துடையது. "மரத்துல ஒட்டுதே, மனுசனுக்கு மட்டும் என்ன?" என்று அக்கா கேட்டதும் நியாயம்தான்.

மரத்துக்கும் நோய் எதிர்ப்பு உண்டு. ஆனால் மரத்தின் ஒவ்வொரு செல்லும் தன் சுவருக்குள் அடைபட்டது. பிறந்த இடத்தை விட்டு நகராது. வேரிலிருந்து ஒரு செல் கிளம்பி மேலே வந்து, "இந்தக் கிளை யாருடையது?" என்று விசாரிக்க வழியே இல்லை. நம் உடம்பு அப்படி இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் லட்சக்கணக்கான வெள்ளையணுக்கள் ஓடுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரைப் பிதுக்கிக்கொண்டு எந்த உறுப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வரக்கூடியவை. அவற்றில் ஒரு பிரிவுக்கு வேலையே செல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான். டி செல் என்று பெயர். இந்தக் கதையின் நாயகனும் அதுதான், வில்லனும் அதுதான்.

டி செல் எதைத் தொட்டுப் பார்க்கிறது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் நம்ம ஊர் தட்டுவடை செட். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சின்னத் தட்டை ஒன்றை வைத்து, சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டையால் மூடித் தருவார்கள். மேல் தட்டையை எடுத்துவிடுங்கள். அடித் தட்டையும் அதன் மேல் கொஞ்சம் பூரணமும் மிஞ்சுகிறதல்லவா? நம் செல்கள் இப்படித்தான் தங்கள் வெளிப்புறத்தில் ஆயிரக்கணக்கான தட்டைகளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டைக்குப் பெயர் எச்.எல்.ஏ. பூரணம் என்பது செல்லுக்குள் அந்த நேரத்தில் உருவாகும் புரதங்களின் சிறு துண்டு, எட்டுப் பத்து அமினோ அமிலம் நீளம்தான் இருக்கும். உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டும் தட்டையில் ஏறி வெளியே வந்துவிடும். டி செல் தொட்டுப் பார்த்து, சந்தேகம் என்றால் அந்தச் செல்லை முடித்துவிடும்.

முக்கியமான விஷயம், டி செல் பூரணத்தை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. தட்டையையும் பூரணத்தையும் சேர்த்துத்தான் பார்க்கும். அதோடு, இந்தத் தட்டை ஆளுக்கு ஆள் வேறு. மனிதர்களுக்குள் இவ்வளவு வகைகள் உள்ள ஜீன்கள் வேறு கிடையாது என்றே சொல்லலாம். (சிவப்பணுவில் இந்தத் தட்டை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தம் ஏற்ற வகை பொருந்தினால் போதும், கிட்னிக்கு அது மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.)

தட்டைக்கான ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலும் கொத்தோடு கொத்தாகவே பிள்ளைக்கு இறங்கும். அம்மாவிடமிருந்து ஒரு கொத்து, அப்பாவிடமிருந்து ஒரு கொத்து. அதனால் கூடப் பிறந்தவர்களில் இரண்டு கொத்தும் அப்படியே பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் பொருந்த நான்கில் இரண்டு, ஒன்றுகூடப் பொருந்தாமல் போக நான்கில் ஒன்று. அம்மா பிள்ளை விஷயத்தில் இந்தச் சீட்டாட்டம் இல்லை. பாதி நிச்சயம் பொருந்தும். மீதிப் பாதி, அக்காவுக்கு அவருடைய அப்பாவோ அம்மாவோ கொடுத்தது, மகனுக்கு இறங்காதது. மகனின் டி செல்கள் அதைப் பார்த்ததே கிடையாது.

அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. "அப்ப என் அப்பன் பங்குதான் தகராறா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். அவருக்கும் அவர் அப்பாவுக்கும் பழைய சொத்து விவகாரம் ஒன்று உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

சரி, பார்த்ததில்லை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமே? எதற்குச் சண்டை? இதற்குக் காரணம் டி செல்கள் வளர்ந்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. சின்ன வயதில் பெரிதாக இருந்து, வயது வந்தபின் சுருங்கிப் போகும். அதற்கு என்ன வேலை என்பதே 1961-இல் ஜாக்ஸ் மில்லர் குட்டி எலிகளில் அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை வெறும் அடைசல் என்றுதான் நினைத்திருந்தார்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்த இளம் செல்கள் இங்கே வந்து இரண்டு பரீட்சை எழுத வேண்டும். முதல் பரீட்சை, நம் தட்டையை ஓரளவாவது பிடிக்கத் தெரிகிறதா? தெரியாதவை அங்கேயே சாகும். இரண்டாவது, நம் தட்டையில் நம்முடைய பூரணத்தையே பார்த்துப் பாய்கிறதா? பாய்பவை பெரும்பாலும் அங்கேயே சாகும். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாத பரீட்சை. நான் வைத்த எந்த அரையாண்டுத் தேர்விலும் இப்படி நடந்ததில்லை.

ஆக, தேறி வெளியே வரும் டி செல் எதைப் பார்த்துப் பாயக்கூடாது என்று படித்தது எல்லாம் சொந்தத் தட்டைகளை வைத்துத்தான். அடுத்தவர் தட்டை அந்தப் பாடத்திட்டத்திலேயே இல்லை. அதைத் தொட்டதும் பல டி செல்களுக்கு அது வைரஸ் ஏறிய தன் தட்டை மாதிரியே தோன்றுகிறது. சாதாரணமாக ஒரு கிருமித் துண்டை அடையாளம் காணும் டி செல் லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். அடுத்தவர் எச்.எல்.ஏ.வைப் பார்த்து எழுந்து நிற்பவையோ நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை. எனக்கு இதைப் படித்ததும்தான் விளங்கியது, எந்தக் கிருமிக்கும் இல்லாத எதிர்ப்பு ஏன் ஒரு நல்ல கிட்னிக்கு வருகிறது என்று. உடம்பு கெட்டுப் போய் இதைச் செய்யவில்லை. படித்த பாடத்தை வரி பிசகாமல் செய்கிறது.

ஆபரேஷன் அன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உறுப்பை எடுத்து, குளிர்ந்த திரவத்தில் கழுவி, ஐஸில் வைத்து, மறுபடி ரத்தம் பாய்ச்சும்போது அதற்கு ஒரு அடி விழுகிறது. பக்கத்து அறையிலிருந்து வரும் அம்மாவின் கிட்னிக்கு இந்த அடி குறைவு. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்து ஊர் விட்டு ஊர் வரும் உறுப்புக்கு அதிகம். தமிழ்நாட்டில் 2008-க்குப் பின் இந்தக் கொடை ஒழுங்காக நடப்பதும், ஆம்புலன்ஸுக்காக ரோட்டை நிறுத்தி வழி விடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். அந்த அவசரத்துக்கு இது ஒரு காரணம். அடிபட்ட செல்கள் ஆபத்து என்று குரல் கொடுக்கும். நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் முதலில் ஓடி வரும். இவை யாருடைய உறுப்பு என்று அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அடி விழுந்த இடத்துக்கு வருகின்றன, அவ்வளவுதான்.

கிட்னியோடு சேர்ந்து சில பயணிகளும் வருகிறார்கள். கை கால் பரப்பியது போலக் கிளை கிளையாக இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973-இல் விவரித்தவை. மற்ற செல்கள் தட்டை நீட்டுவது தங்கள் வேலையோடு ஒரு வேலையாக என்றால், இவற்றுக்கு அதுதான் முழுநேரத் தொழில். ஆபத்துக் குரல் கேட்டதும் இவை கிட்னியை விட்டுக் கிளம்பி, மகனின் நெறிகட்டுகளுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்கின்றன. டி செல்கள் கூட்டமாகக் கூடும் சந்தை அது. அங்கே போய் அம்மாவின் தட்டைகளைப் பரப்பிவைத்தால் என்ன ஆகும்? நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை எழுந்து நிற்கும்.

எழுந்து நிற்பதால் மட்டும் டி செல் முழுதாக முடுக்கப்பட்டுவிடாது. பேங்க் லாக்கர் மாதிரி இரண்டு சாவி வேண்டும். தட்டை ஒரு சாவி. ஆபத்தை உணர்ந்த டென்ட்ரிடிக் செல் நீட்டும் இன்னொரு புரதம் இரண்டாவது சாவி. இரண்டும் திரும்பினால்தான் டி செல் இன்டர்லூகின்-2 என்ற சத்தைச் சுரந்து, தானும் அதைக் குடித்து, ஒன்று பலவாகப் பெருகும். இரண்டாவது சாவி இல்லாமல் முதல் சாவி மட்டும் திரும்பினால் பெரும்பாலும் சோர்ந்து உட்கார்ந்துவிடும்.

பெருகிய படையில் இரண்டு வகை. கொல்லும் டி செல்கள் நேரே கிட்னிக்குப் போய், சிறுநீர்க் குழல்களின் சுவருக்குள் நுழைந்து, ஒவ்வொரு செல்லாக ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்த நொதி செல்லைத் தானே தன்னை முடித்துக்கொள்ள வைக்கும். அக்கா மகனின் துணுக்கில் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது இந்தக் காட்சிதான். குழலின் சுவருக்குள் இருக்கக்கூடாத கருநீலப் புள்ளிகள். உதவி டி செல்கள் என்ற இன்னொரு வகை நேரே யாரையும் கொல்லாது. மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடும், பி செல்கள் என்ற இன்னொரு வெள்ளையணுப் பிரிவை எதிர்ப்பொருள் (அந்நியத் தட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) தயாரிக்கத் தூண்டும். ஊரில் அப்படி ஆட்கள் உண்டல்லவா, தான் கை வைக்கமாட்டார், மற்றவரை ஏவுவார்.

நாளடைவில் கிட்னியோடு வந்த பயணிகள் தீர்ந்துபோவார்கள். ஆனால் மகனின் சொந்த டென்ட்ரிடிக் செல்கள் கிட்னியில் உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி, தங்கள் தட்டையில் பூரணமாக வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உறுப்பைத் தழும்பாக்கும் நாள்பட்ட நிராகரிப்புக்கு இந்த வழியும் எதிர்ப்பொருள்களும்தான் பெரிய காரணம். ஸ்டீராய்டு போட்டு மூன்று நாளில் திருப்பக்கூடிய விஷயம் அல்ல அது.

எதிர்ப்பொருள் ஏற்கெனவே தயாராக இருந்தால் நிலைமை வேறு. டி செல் பெருக நாட்கள் வேண்டும். எதிர்ப்பொருளுக்கு அது தேவையில்லை. ரத்தம் பாய்ச்சிய சில நிமிடங்களில் புதுக் கிட்னியின் ரத்தக் குழாய் உட்சுவரில் ஒட்டி, ரத்தத்தை உறைய வைத்து, ஆபரேஷன் மேஜையிலேயே உறுப்பு கறுத்துவிடும். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால், முன்பே ஒரு உறுப்பு வைத்திருந்தால், பிள்ளை பெற்றிருந்தால் இப்படி எதிர்ப்பொருள் உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. இதைத் தடுக்கத்தான் கிராஸ் மேட்ச். கொடுப்பவரின் வெள்ளையணுக்களையும் வாங்குபவரின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட். அது இவ்வளவு முக்கியம் என்று பட்டேலும் தெரசாகியும் 1969-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு மேஜையில் கிட்னி கறுப்பது அரிதாகிவிட்டது.

பிள்ளை பெற்றிருந்தால் என்று சொன்னேனே, அங்கே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

பத்து மாதம் வயிற்றில் இருக்கும் பிள்ளை தாய்க்குப் பாதி அந்நியம். அப்பா கொடுத்த கொத்து தாயின் டி செல்கள் பார்த்தறியாதது. கிட்னியைத் தள்ளும் அதே சட்டப்படி பார்த்தால் பிள்ளையும் தங்கக்கூடாது. தங்குகிறது. நஞ்சுக்கொடியில் தாய்ப் பக்கம் தொடும் செல்கள் வழக்கமான தட்டைகளில் முக்கியமானவற்றை நீட்டுவதே இல்லை. அதற்குப் பதில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், சண்டையைத் தணிக்கும் ஒரு தட்டையைக் காட்டுகின்றன. அதோடு தாயின் உடம்பில் அடக்கும் டி செல்கள் என்ற பிரிவு அந்த நேரத்தில் பெருகுகிறது. மற்ற டி செல்களை "உட்காருப்பா" என்று அமர்த்துவதுதான் இவற்றின் தொழில். இவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் 2025-இன் மருத்துவ நோபல், சிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும்.

அப்படியும் பிரசவத்தின்போது பிள்ளையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். சில தாய்மார்களுக்கு அப்பா பக்கத் தட்டைக்கு எதிர்ப்பொருள் உருவாகிவிடும். சாதாரண வாழ்க்கையில் அதனால் தொந்தரவு இல்லை. பின்னாளில் அந்தத் தாய்க்கே கிட்னி தேவைப்பட்டு, பிள்ளையோ கணவரோ கொடுக்க முன்வந்தால் அப்போது அது குறுக்கே நிற்கலாம். "நான் அவனைச் சுமந்தேன், அவன் என்னைச் சுமக்கலையே" என்று அக்கா சுருக்கமாகச் சொன்னதை நான் வகுப்பில் ஒரு பீரியட் எடுத்துச் சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கதை. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் உதிர்ந்துகொண்டே இருந்தது. பீட்டர் மெடவார் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனோடு சேர்ந்து ஒரு நோயாளியைக் கவனித்து 1943-இல் எழுதினார்: அதே ஆளிடமிருந்து இரண்டாவது முறை எடுத்து ஒட்டிய தோல் முதல் முறையைவிட வேகமாக உதிர்கிறது. தையல் சரியில்லை என்றால் இரண்டு முறையும் ஒரே மாதிரிதானே இருக்கும்? வேகம் கூடியது என்றால் உடம்பு எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஞாபகம் வைப்பது எதிர்ப்புச் செல்களின் குணம். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஒத்த இரட்டையருக்குள் நடந்ததும் தற்செயல் இல்லை. இருவருக்கும் தட்டை ஒன்றே, தள்ள எதுவும் இல்லை.

இரட்டைப் பிறவி எல்லாருக்கும் கிடைக்குமா? அதனால் மாத்திரை. அக்கா மகன் சாப்பிடும் மூன்றில் முதன்மையானது டேக்ரோலிமஸ். ஜப்பானில் சுகுபா மலை மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து 1984-இல் பிரித்தெடுத்தது. டி செல் இன்டர்லூகின்-2 சுரக்க உள்ளே கால்சினியூரின் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். மாத்திரை அதன் கையைப் பிடித்துவிடும். சாவி இரண்டும் திரும்பினாலும் சத்து சுரக்காது, படை பெருகாது. மைக்கோபினோலேட் செல் பிரியத் தேவையான மூலப்பொருளைக் குறைக்கும். ஸ்டீராய்டு பொதுவாக எல்லாரையும் அமர்த்தும். ஸ்டீராய்டுக்கும் அடங்காத நிராகரிப்புக்கு, முயலின் உடம்பில் தயாரித்த எதிர்ப்பொருளைச் செலுத்தி டி செல்களையே குறைத்துவிடுவதும் உண்டு.

எந்த மாத்திரைக்கும் அம்மாவின் கிட்னிக்கு எதிரான டி செல் எது, சளிக் கிருமிக்கு எதிரானது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அமர்த்துகிறது. தொற்றும் சில வகைப் புற்றும் அதனால் கூடுதலாக வரலாம். அளவு குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் டேக்ரோலிமஸே கிட்னியைக் கெடுக்கும். அதனால்தான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மணி தவறாமல். ரத்தத்தில் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். பல வருடம் நன்றாக ஓடிய கிட்னி, "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை விட்டதால் போன கதைகள் டயாலிசிஸ் வார்டில் நிறையக் கேட்கலாம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

போன மே மாதம் கோடை விழாவுக்கு எல்லாரும் ஏற்காடு போனோம். பஸ் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பையனின் போனில் ஒன்பது மணி அலாரம் அடித்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டு, சிந்தாமல் தண்ணீர் குடித்தான். பழக்கம். மேலே ஏரிப் பக்கம் ஒரு கடையில் அக்கா பெரிய பம்பளிமாஸ் ஒன்றை விலை பேசி வாங்கி, தோல் உரித்துச் சுளை சுளையாக எல்லாருக்கும் கொடுத்தார். பையனும் கை நீட்டினான். குடலில் டேக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடும், மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவன் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார்.

"தொடாதே. என் கிட்னியைக் கெடுத்துராத."

அவன் பங்குச் சுளையையும் அவரே தின்றார்.